பிளாஸ்டிக் மாடல் கட்டத் தொடங்குபவர்களுக்கு: கருவி, பசை, பெயிண்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கேல் மாடல் கிட் பெட்டியைத் திறந்தால் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும் சட்டம் சட்டமாகச் சாம்பல் நிற பிளாஸ்டிக், ஒரு செய்முறைத் தாள், ஒரு டீகால் தாள் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்களும் எழுத்துகளும்) இருக்கும். பெரும்பாலான பெட்டிகளில் அவ்வளவுதான். வெட்டுவதற்கோ ஒட்டுவதற்கோ எதுவும் உள்ளே வராது. அந்த இடத்தில் திகைத்து நிற்பவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் தொடங்கிய நாட்களில் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தவித்த கேள்விகளையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்கு ஒரே மாடலை வைத்துக்கொள்வோம்: இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் விமானம் ஸ்பிட்ஃபயர், 1/72 அளவு. உலகத்தில் எத்தனையோ பேர் முதலில் கட்டியது அதைத்தான்.

கிட் கையில் இருக்கிறது. எதெல்லாம் வாங்கினால் வேலையைத் தொடங்கலாம்?

நிப்பர் (சின்ன வெட்டுக் குறடு), கூர்மையான கத்தி, இரண்டு மூன்று எண்களில் உப்புத்தாள், துண்டுகளை ஒட்டும் பிளாஸ்டிக் சிமெண்ட், ஒரு சாமணம், இரண்டு தூரிகை, பெயிண்ட் படக் கூடாத இடத்தை மறைக்கும் மாஸ்கிங் டேப், கிட் கேட்கும் நான்கைந்து நிறப் பெயிண்ட். இவ்வளவு போதும்.

இதில் நிப்பர், கத்தி அலகு, சிமெண்ட் மூன்றுக்கும் மட்டும் கையைச் சுருக்காதீர்கள். பெயிண்ட் சரியாக வரவில்லை என்றால் துடைத்துவிட்டு மறுபடி அடிக்கலாம். தப்பாக வெட்டிய துண்டும் தப்பாக உருகிய பிளாஸ்டிக்கும் திரும்ப வராது. மற்ற சாமான்களில் பாதி உங்கள் வீட்டிலேயே கிடக்கும், மீதி மருந்துக் கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் ஃபேன்சி ஸ்டோரிலும் கிடைத்துவிடும்.

இருபது முப்பது கருவிகளை ஒரே பையில் போட்டு மலிவாக விற்கும் செட்டுகளை வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. அதில் நாலைந்துதான் பயன்படும். அந்த நாலைந்தும் மழுங்கலாக இருக்கும்.

முதல் கிட்டாக எதை எடுப்பது? 1/72, 1/48, 1/35 என்று போட்டிருப்பதற்கு என்ன பொருள்?

நிஜப் பொருளில் எத்தனையில் ஒரு பங்கு என்பதுதான் அந்த எண். 1/72 என்றால் ஆறு அடிக்கு ஓர் அங்குலம். ஸ்பிட்ஃபயரின் இறக்கை நிஜத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 11.23 மீட்டர். அது 1/72-ல் 15.6 செ.மீ., 1/48-ல் 23.4 செ.மீ., 1/32-ல் 35 செ.மீ. இருக்கும். அலமாரியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தே பலர் அளவை முடிவு செய்கிறார்கள்.

டாங்கிகளுக்கு 1/35 என்ற விநோதமான எண் எப்படி வந்தது தெரியுமா? ஜப்பானின் டாமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் பாந்தர் டாங்கியை மாடலாக்கியபோது, மோட்டாரும் பேட்டரிகளும் உள்ளே அடங்க வேண்டும் என்று பார்த்து உடலின் அளவைத் தீர்மானித்தது. பிறகு கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 1/35 வந்தது. அந்த எண்ணே நிலைத்துவிட்டது.

முதல் கிட்டுக்கு ஒற்றை இன்ஜின், ஒரே அடுக்கு இறக்கை கொண்ட விமானம் நல்லது. துண்டுகள் குறைவு, நிறங்கள் குறைவு, வடிவம் நாம் அறிந்தது. இரட்டை அடுக்கு இறக்கை விமானத்தில் கம்பி கட்ட வேண்டியிருக்கும். 1/700 கப்பலில் துண்டுகள் அரிசி மணியைவிடச் சிறிதாக இருக்கும். கார் எளிதாகத் தெரியும், ஆனால் பளபளப்பான பெயிண்டில் ஒரு தூசி விழுந்தாலும் ஊருக்கே தெரியும். இவையெல்லாம் மூன்றாவது நான்காவது கிட்டாக இருக்கட்டும்.

பசையே வேண்டாம் என்பவர்களுக்கு, அழுத்தினால் பொருந்திக்கொள்ளும் கிட்டுகள் இருக்கின்றன. பண்டாய் நிறுவனத்தின் இன்றைய கன்பிளா ரோபோ கிட்டுகள் அந்த வகை. நிப்பரும் கத்தியும் இருந்தால் போதும். வெட்டும் பழக்கம் கைக்கு வர அருமையான வழி.

பெயிண்ட், பசை, தூரிகை எல்லாம் சேர்த்து வரும் ஸ்டார்ட்டர் செட் வாங்கலாமா?

வாங்கலாம். ஏர்ஃபிக்ஸ், ரெவெல் போன்ற நிறுவனங்கள் அப்படிப் பெட்டி போடுகின்றன. அந்தக் கிட்டுக்கு எந்தெந்த நிறம் என்று தேடி அலைய வேண்டாம், அதுதான் பெரிய லாபம். ஆனால் வெட்டும் கருவி அதற்குள் பெரும்பாலும் இருக்காது. நிப்பரையும் கத்தியையும் தனியாக வாங்கத்தான் வேண்டும்.

துண்டுகளைச் சட்டத்திலிருந்து எடுக்க நகவெட்டி போதாதா? கையால் திருகினால் வராதா?

வரும். கூடவே துண்டின் ஓரத்தில் ஒரு கடி பிளாஸ்டிக்கும் பிய்ந்து வரும். அந்தப் பள்ளத்தை நிரப்பி, தேய்த்து, சமன் செய்ய அரை மணி நேரம் ஆகும்.

நகவெட்டியின் வாய் வளைவானது. துண்டை ஒட்டி நேராக வெட்ட அதனால் முடியாது. நமக்கு வேண்டியது ஒரு பக்கம் முழுக்கத் தட்டையாக இருக்கும் சைடு கட்டர், அதாவது நிப்பர். மாடல்களுக்கென்றே செய்த நிப்பர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், சர்க்யூட் போர்டில் பாகங்களின் கால்களை நறுக்க எலெக்ட்ரானிக்ஸ் பழுது பார்ப்பவர்கள் வைத்திருக்கும் சின்ன நிப்பரைக் கேளுங்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் அதைச் சுலபமாக வாங்கலாம். வாங்கியதும் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: அந்த நிப்பர் பிளாஸ்டிக்குக்கு மட்டும். வீட்டில் யாராவது அதை எடுத்து ஒரே ஒரு செம்புக் கம்பியை வெட்டினாலும் முனை பல் பெயர்ந்துவிடும்.

எப்படி வெட்டுகிறோம் என்பது நிப்பரின் விலையைவிட முக்கியம். இரண்டு தடவையாக வெட்டுங்கள். முதலில் துண்டிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி. துண்டு விடுபட்ட பிறகு, எஞ்சிய குச்சியை இன்னொரு முறை, நிப்பரின் தட்டைப் பக்கம் துண்டைப் பார்த்திருக்கும்படி. கடைசியாக மிஞ்சும் அரை மில்லிமீட்டர் புடைப்பைக் கத்தியால் சீவி உப்புத்தாளால் தேய்க்கலாம். ஒரே வெட்டில் ஒட்ட வெட்டினால், பிளாஸ்டிக் நெருக்குண்டு அந்த இடம் வெளுத்துப் போகும். சில சமயம் கீறல் துண்டுக்குள்ளேயே ஓடிவிடும்.

கத்தி எது?

பேனா போலப் பிடிக்கும் கைப்பிடி, முக்கோணக் கூர்முனை அலகு. மாடல் உலகில் இதை 11-ஆம் எண் அலகு என்பார்கள். நம் ஊரில் இதற்கு அருமையான மாற்று இருக்கிறது. அறுவை சிகிச்சைக் கருவிகள் விற்கும் கடையில் 3-ஆம் எண் கைப்பிடியும் 11-ஆம் எண் சர்ஜிக்கல் பிளேடும் கேளுங்கள். அலகு ஒவ்வொன்றும் தனி உறையில் வரும், கூர்மைக்குக் கேட்கவே வேண்டாம். ஒரே குறை, அது மெல்லியது. பக்கவாட்டில் நெம்பினால் முனை ஒடிந்து தெறிக்கும். எனவே சீவுவதற்கும் கீறுவதற்கும் மட்டும் அது. தடித்த சட்டத்தை அறுக்கப் பயன்படுத்தாதீர்கள்.

அலகை மாட்டும்போதும் கழற்றும்போதும் குறடால் பிடியுங்கள், விரலால் வேண்டாம். மழுங்கியதும் தயங்காமல் மாற்றுங்கள். மழுங்கிய கத்தியைத்தான் நாம் அழுத்துவோம், அழுத்தும்போதுதான் அது வழுக்கிக் கைக்கு வரும். பழைய அலகுகளை ஒரு காலி மாத்திரை டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். குப்பை எடுப்பவர் கையைக் கிழிக்கக் கூடாது.

கீழே விரிக்க ஏ4 அளவு கட்டிங் மேட் ஒன்று இருந்தால் மேசை தப்பும்.

ஃபெவிக்விக் வைத்து ஒட்டினால் என்ன?

ஒட்டும். ஆனால் மாடல் கிட்டுக்கு அது இரண்டாவது பசைதான், முதல் பசை இல்லை.

பெரும்பாலான கிட்டுகள் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டவை. பிளாஸ்டிக் சிமெண்ட் என்பது உண்மையில் பசை இல்லை, ஒரு கரைப்பான். இரண்டு துண்டுகளின் ஓரத்தையும் அது மெல்லக் கரைக்கும். கரைந்த பிளாஸ்டிக் ஒன்றோடொன்று கலக்கும். கரைப்பான் ஆவியாகிப் போனதும் இரண்டு துண்டு ஒரே துண்டாகிவிடும். வெல்டிங் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபெவிக்விக் போன்ற சூப்பர் குளூ அப்படி இல்லை. அது நடுவில் கண்ணாடி போன்ற ஒரு படலமாக இறுகி நிற்கும். கீழே விழுந்தால் அந்தப் படலத்தோடு தெறித்துவிடும். மேலும் அது நொடியில் பிடித்துவிடுவதால் துண்டை நேர்ப்படுத்த நேரம் கிடைக்காது. இறக்கை ஒரு டிகிரி சாய்ந்து ஒட்டினால் சாய்ந்ததுதான்.

சிமெண்டில் இரண்டு வகை. கெட்டியானதும் மெல்லியதும். கெட்டி வகையை ஒட்டும் பரப்பில் தடவி, பிறகு சேர்க்க வேண்டும். மெல்லிய வகைக்கு முறையே வேறு. இரண்டு துண்டையும் முதலில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இணைப்புக் கோட்டில் தூரிகை நுனியால் தொட்டால் போதும். திரி எண்ணெயை இழுப்பதுபோல் கோடு முழுக்க அது தானாக ஓடிப் பரவும். டாமியாவின் பச்சை மூடி எக்ஸ்ட்ரா தின் இந்த வகை. 40 மி.லி. குப்பி, மூடியிலேயே தூரிகை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மெல்லியதை வாங்குங்கள். ரெவெலின் ஊசிமூக்குக் குப்பியும் நல்லதுதான். குழாயில் பிதுக்கும் பழைய வகைப் பசையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நூல் நூலாக இழுத்துக்கொண்டு எங்கெங்கோ படும்.

சிமெண்டை வைத்து எங்கே தவறு நடக்கும்?

விரல் ரேகையில். இணைப்புக் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு மெல்லிய சிமெண்டைத் தொட்டால், அது கோட்டில் ஓடும்போது விரலுக்கு அடியிலும் புகுந்துவிடும். விரலை எடுத்தால் ரேகை பிளாஸ்டிக்கில் அச்சாகப் பதிந்திருக்கும். என் முதல் ஸ்பிட்ஃபயரின் வயிற்றுப் பக்கம் என் கட்டைவிரல் இன்னும் இருக்கிறது. கோட்டுக்குச் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். சிமெண்ட் எங்காவது தப்பித் தவறிச் சிந்தினால் துடைக்காதீர்கள், தொடாதீர்கள். அப்படியே விட்டால் ஆவியாகி ஒரு மங்கல் மட்டும் மிஞ்சும், தேய்த்துவிடலாம். துடைத்தால் இளகிய பிளாஸ்டிக்கும் சேர்ந்து இழுபடும்.

பெயிண்ட் அடித்த பரப்பில் சிமெண்ட் சரியாகப் பிடிக்காது. ஒட்டும் ஓரத்தில் உள்ள பெயிண்டைச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள். ஒட்டும் முன் எப்போதும் பசையில்லாமல் ஒரு தடவை சேர்த்துப் பாருங்கள். பொருந்தாத துண்டு பசை போட்டால் பொருந்தப் போவதில்லை.

இன்னொன்று, குப்பி கவிழ்வது. மெல்லிய சிமெண்ட் கவிழ்ந்தால் மேசையில் உள்ள துண்டுகள் எல்லாம் போயின. ஒரு தெர்மாகோல் துண்டில் குப்பி அளவுக்குக் குழி வெட்டி நிறுத்த நினைத்தால் கவனம், சிந்தும் சிமெண்ட் தெர்மாகோலையும் கரைக்கும், ஏனென்றால் அதுவும் பாலிஸ்டைரீன்தான். கனமான மரக்கட்டையில் துளை போட்டு நிறுத்துவது நல்லது.

அப்படியென்றால் ஃபெவிக்விக், ஃபெவிகால் எதற்குமே ஆகாதா?

ஆகும். உலோகத் துண்டு, ரெசின் என்ற வேறு வகைப் பிசினில் வார்த்த துண்டு இவற்றைச் சிமெண்ட் கரைக்காது. அங்கே சூப்பர் குளூதான். குப்பியிலிருந்து நேராக விடாமல், ஒரு மாத்திரை அட்டையில் ஒரு சொட்டு விட்டு, ஊசி முனையால் தொட்டு வையுங்கள்.

விமானியின் கண்ணாடிக் கூண்டுக்கு மட்டும் சூப்பர் குளூ கிட்டேயே போகக் கூடாது. அதன் ஆவி தெளிந்த பிளாஸ்டிக்கில் வெள்ளைப் பனியாகப் படியும். கண்ணாடித் துண்டுகளுக்கு வெள்ளை ஃபெவிகால் அருமையான பசை. காய்ந்தால் தெளிவாகிவிடும், அதிகமாக வழிந்ததை ஈரத் துணியால் துடைத்துவிடலாம். பலம் குறைவு, ஆனால் கண்ணாடிக் கூண்டில் யாரும் பாரம் ஏற்றப் போவதில்லை.

உப்புத்தாள் எந்த எண்?

ஹார்டுவேர் கடையில் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் கறுப்புத் தாள் கேளுங்கள். 400, 800, 1500 மூன்றும் ஒவ்வொரு தாள். எண் கூடக் கூடத் தாள் மிருது. 400 சமன் செய்ய, 800 அதன் கீறலை அழிக்க, 1500 பெயிண்டுக்கு முன். எண்ணைத் தாண்டிக் குதித்தால் கீறல் பெயிண்டுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும்.

தாளைச் சின்னதாக வெட்டி ஐஸ் குச்சியில் ஒட்டிக்கொண்டால் தட்டையான பரப்புக்கு ஆகும். ஃபேன்சி ஸ்டோரில் நகத்துக்கு மெருகேற்ற விற்கும் நான்கு பக்கக் கட்டையும் ஒன்று வாங்குங்கள். கண்ணாடிக் கூண்டில் விழுந்த கீறலை அதன் மிருதுவான பக்கத்தால் போக்கிவிடலாம்.

ஒட்டிய இடத்தில் கோடு தெரிகிறது. பட்டி பார்க்க வேண்டுமா?

0.1 மி.மீ. இடைவெளிதானே என்று தோன்றும். 1/72-ல் அது நிஜ விமானத்தில் 7 மில்லிமீட்டர் பிளவு. அதனால்தான் கண்ணுக்கு உறுத்துகிறது.

ஆனால் எல்லாக் கோட்டுக்கும் பட்டி வேண்டாம். சிமெண்ட் இட்டதும் இரண்டு பாதியையும் மெல்ல அழுத்தினால், இளகிய பிளாஸ்டிக் கோடு நெடுக ஒரு மெல்லிய வரப்பாகப் பிதுங்கி வரும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுத் தேய்த்தால் கோடே இருக்காது. உடலின் முதுகும் வயிறும் இப்படியே சரியாகிவிடும்.

இறக்கை உடலோடு சேரும் இடத்தில் இடைவெளி பெரிதாக இருந்தால்தான் பட்டி. கார் வேலைக்கு விற்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டியைப் பயன்படுத்துபவர்கள் உண்டு. அதில் கரைப்பான் உண்டு, தடிமனாக வைத்தால் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும், காய்ந்து சுருங்கவும் செய்யும். மெல்ல மெல்ல இரண்டு தடவையாக வையுங்கள். எனக்குப் பிடித்தது செலவில்லாத வழி. அந்தக் கிட்டின் சட்டத்தையே பொடிப்பொடியாக நறுக்கி, பழைய சிமெண்ட் குப்பியில் கால்வாசி சிமெண்டோடு போட்டு ஓர் இரவு விட்டால் கூழாகிவிடும். இடைவெளியில் வைத்தால் அதே பிளாஸ்டிக், அதே நிறம், அதே கடினம். முழுதாக இறுக இரண்டு நாளாவது பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

காசு கொடுக்காமல் வீட்டிலிருந்தே எதையெல்லாம் எடுத்துக்கொள்ளலாம்?

துணி கிளிப் துண்டுகளைப் பிடித்து வைக்க. மாத்திரை அட்டை பெயிண்ட் கலக்க. பல் குத்தும் குச்சி, காது குடையும் பஞ்சுக் குச்சி. பெயிண்ட் அடிக்கும் துண்டைச் செருகிப் பிடிக்க மூங்கில் குச்சியும், குச்சியை நட்டுக் காயவைக்க ஒரு தெர்மாகோல் கட்டையும். தின்னர் சொட்டை அளக்க மருந்துக் கடை சிரிஞ்சு. பாத்திரம் தேய்க்கும் திரவமும் பழைய பல் துலக்கியும் எடுத்து, கட்டத் தொடங்கும் முன் சட்டங்களைக் கழுவிக் காயவையுங்கள். அச்சிலிருந்து பிளாஸ்டிக் விடுபடத் தடவிய எண்ணெய்ப் பசை ஒட்டியிருந்தால் பெயிண்ட் பிடிக்காது.

அக்ரிலிக், எனாமல், லாக்கர்: எதை வாங்குவது?

தூரிகையால் அடிக்கப் போகிறீர்கள் என்றால் தண்ணீரில் கரையும் அக்ரிலிக். ஸ்பெயின் நாட்டு வயெஹோ நிறுவனத்தின் மாடல் கலர் தூரிகைக்கு இணக்கமானது. சொட்டு விடும் குப்பி, வாடை குறைவு, தூரிகையைத் தண்ணீரிலேயே கழுவலாம். டாமியாவின் அக்ரிலிக் ஆல்கஹால் கலந்தது. காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தூவும் ஏர்பிரஷ்ஷில் அற்புதமாக வரும், தூரிகையில் இரண்டாவது பூச்சு முதல் பூச்சைக் கரைத்து இழுக்கும். இதை அறியாமல் தங்கள் கையைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார்கள் புதியவர்கள். தவறு கையில் இல்லை.

எனாமல் மெல்லக் காயும், அதனால் தூரிகைக் கோடு தெரியாமல் சமனாகப் படியும். ஹம்ப்ரோல் நிறுவனத்தின் சின்ன டப்பாக்களில் வருவது இது. டர்பன்டைன் வாடையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் ஸ்பிட்ஃபயருக்கு 1940-ன் நிறங்கள் ஹம்ப்ரோல் எண்ணில் மேலே 29 மண்பழுப்பு, 30 கரும்பச்சை, அடியில் 90 வெளிர் பச்சை. உள்ளறைக்கு 78.

லாக்கர் மிக உறுதியானது, மிக வேகமாகக் காய்வது, வாடையிலும் மிகக் கடுமையானது. அதைத் தொடக்கத்தில் விட்டுவிடுங்கள்.

எந்த வகையை எதன்மேல் அடிக்கலாம் என்பதில் ஒன்று நினைவில் இருக்கட்டும். காய்ந்த லாக்கர் மேல் அக்ரிலிக் அடிக்கலாம். அக்ரிலிக் மேலோ எனாமல் மேலோ லாக்கர் அடித்தால் கீழே உள்ளதைத் தின்றுவிடும். சந்தேகம் வந்தால் மிச்சச் சட்டத்தில் அடித்துப் பாருங்கள். அதைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பதே இதற்காகத்தான். ஹார்டுவேர் கடையில் விற்கும் என்.சி. தின்னரும் அசிட்டோனும் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். மாடலின் பக்கத்தில் கொண்டுவர வேண்டாம்.

ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் கைவினை அக்ரிலிக் போதாதா?

விமானத்துக்குப் போதாது. அதன் நிறமித் துகள் பெரிது. மெல்லப் பூசினால் மூடாது, தடித்துப் பூசினால் இறக்கையின் மெல்லிய தகட்டுக் கோடுகள் மூழ்கிவிடும். வழவழப்பான பிளாஸ்டிக்கிலிருந்து உரிந்தும் வரும். புல்தரை, மண், சுவர் என்று மாடலை நிறுத்தும் பீடம் செய்யும்போது அதே பெயிண்ட் மிகவும் உதவும்.

தூரிகை?

செயற்கை இழைத் தூரிகை இரண்டு. நுணுக்கத்துக்கு 0 எண் வட்டம், பரப்புக்கு 6 மி.மீ. அகலத் தட்டை. மூன்று பூஜ்ய எண் மிகச் சின்னதை வாங்கத் தோன்றும். அதில் நிற்கும் பெயிண்ட் மாடலைத் தொடும் முன்பே காய்ந்துவிடும். நுனி கூர்மையாகச் சேரும் 0 எண்ணே புள்ளி வைக்கப் போதும்.

பெயிண்டை நீர்த்து, இரண்டு மூன்று பூச்சு. முதல் பூச்சு திட்டுத் திட்டாக அசிங்கமாகத்தான் தெரியும். நம்பி விட்டுவிடுங்கள். முழுதும் காய்ந்த பிறகு முந்தைய பூச்சுக்குக் குறுக்குத் திசையில் அடுத்தது. சித்திரை வைகாசி வெயிலில் அக்ரிலிக் தூரிகையிலேயே இறுகிப்போகும். ரிட்டார்டர் என்று காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம் விற்கிறார்கள், இரண்டு சொட்டு கலந்தால் நிம்மதி.

பிரைமர் (பெயிண்டுக்கு அடியில் பூசும் முதல் பூச்சு) கட்டாயமா? ஸ்ப்ரே கேன் அடிக்கும்போது வெள்ளை பூத்துவிடுகிறதே?

கட்டாயம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தூரிகை அக்ரிலிக்குக்குப் பிரைமர் இருந்தால் வேலை பாதி. பெயிண்ட் பிடிக்கும், எங்கே கீறல், எங்கே கோடு என்று அதன் ஒரே சாம்பல் நிறத்தில் பளிச்சென்று தெரிந்துவிடும். மிஸ்டர் சர்ஃபேஸர் 1000 அல்லது டாமியா ஃபைன் சர்ஃபேஸ் பிரைமர் கேனில் கிடைக்கும். தீப்பற்றும் பொருள் என்பதால் விமான அஞ்சலில் அனுப்பச் சிக்கல். வெளிநாட்டுக்கு ஆர்டர் போடுவதைவிட உள்நாட்டுக் கடையில் தேடுங்கள்.

வெள்ளை பூப்பது ஈரப்பதத்தால். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிகிறது. கடலோர ஊர்களில் ஐப்பசி கார்த்திகையில் ஸ்ப்ரே அடிக்கவே வேண்டாம். மழை இல்லாத நாளில் முற்பகல் பதினோரு மணிக்கு மேல் மொட்டை மாடியில், காற்று அடிக்காத மூலையில் அடியுங்கள். கேனைக் கையால் நன்றாகக் குலுக்கி, 20 முதல் 25 செ.மீ. தள்ளி, மாடலுக்கு வெளியே தொடங்கி மாடலைக் கடந்து முடியுங்கள்.

ஏர்பிரஷ் வாங்கலாமா?

மூன்று கிட்டாவது தூரிகையில் முடித்த பிறகு. ஏர்பிரஷ் என்பது தனியாக ஒரு பொருள் இல்லை. கம்ப்ரஸர், குழாய், தின்னர், சுத்தம் செய்யும் திரவம், முகக் கவசம், வாடை வெளியேற வழி எல்லாம் சேர்ந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் கழுவ வேண்டும். வாங்கும்போது 0.3 மி.மீ. நாசில், இரட்டைச் செயல் விசை (அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட்), மேல் கிண்ணம் உள்ளது. காற்றுத் தொட்டி வைத்த கம்ப்ரஸர். நம் ஈரக் காற்றுக்கு நீர் பிடிக்கும் வடிகட்டி இல்லாமல் முடியாது. பெயிண்டைப் பால் பதத்துக்கு நீர்த்து, 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் தொடங்குங்கள்.

சாதா செல்லோடேப்பால் மாஸ்க் செய்யலாமா?

வேண்டாம். பெயிண்டை உரிக்கும், கோந்தை விட்டுப்போகும். ஜப்பானியக் காகிதத்தில் செய்த மஞ்சள் மாஸ்கிங் டேப், 6 மி.மீ. அல்லது 10 மி.மீ. அகலம். ஒட்டும் முன் புறங்கையில் இரண்டு தடவை ஒட்டி எடுத்தால் பிடி குறையும். டேப் ஓரத்தில் முதலில் கீழே இருக்கும் நிறத்தையே மெல்ல ஒரு தடவை பூசுங்கள். கசிவதாக இருந்தால் அந்த நிறமே கசிந்து இடுக்கை அடைத்துவிடும், புது நிறம் உள்ளே போகாது.

டீகால் ஒட்ட என்ன வேண்டும்?

வெதுவெதுப்பான தண்ணீர், சாமணம், மென்தூரிகை, பஞ்சுக் குச்சி. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் உப்புக் கறை வெள்ளையாக நிற்கும். பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

டீகாலை வெட்டி, அரை நிமிடம் தண்ணீரில் நனைத்து, வெளியே எடுத்து வையுங்கள். அது காகிதத்தில் நழுவத் தொடங்கியதும் மாடலுக்கு நகர்த்தலாம். பளபளப்பில்லாத மேட் பெயிண்டின் சொரசொரப்பில் நேராக ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளியாக மினுங்கும். எனவே முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன்மேல் டீகால், கடைசியில் மேட் வார்னிஷ். மைக்ரோ செட், மைக்ரோ சோல் என்ற இரண்டு திரவங்கள் அடுத்த செலவாக இருக்கட்டும். முதலாவது டீகாலைப் பிடிக்கவைக்கும். இரண்டாவது அதை இளக்கித் தகட்டுக் கோடுகளுக்குள் படியவைக்கும். இரண்டாவதைத் தொட்டதும் டீகால் சுருங்கிச் சுருக்கம் விழும். பதறிப்போய்த் தொட்டால் கிழிந்துவிடும். விட்டுவிடுங்கள், காயும்போது தானாக நேராகிவிடும்.

இந்த வேலை முடியும்வரை மின்விசிறியை நிறுத்திவையுங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். இதெல்லாம் ஆபத்தா?

சிமெண்ட், லாக்கர், தின்னர் மூன்றின் ஆவியும் நல்லதல்ல. ஜன்னல் திறந்திருக்க வேண்டும், சமையலறையிலும் பூஜை விளக்கின் அருகிலும் திறக்கவே கூடாது. என்95 கவசம் தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஸ்ப்ரேக்கும் ஏர்பிரஷ்ஷுக்கும் கரி வடிகட்டி வைத்த கவசம் வேண்டும். உப்புத்தாளை எப்போதும் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி காற்றில் பறக்காது. ரெசின் துண்டானால் இது மிகவும் முக்கியம்.

சின்னக் குழந்தைகளுக்கு அழுத்திச் சேர்க்கும் கிட் கொடுங்கள். வெட்டுவது பெரியவர், சேர்ப்பது குழந்தை. என் அக்கா மகளோடு அப்படித்தான் ஒரு டைனோசர் கட்டினோம். அவள் எட்டு வயதிலேயே செய்முறைப் படத்தை என்னைவிட வேகமாகப் படித்தாள்.

சின்னத் துண்டு தெறித்துத் தொலைந்துபோகிறது. என்ன செய்வது?

லுங்கியோ தோள் துண்டோ மடியில் விரித்து அதன் நுனியை மேசை ஓரத்தில் கிளிப் போட்டு மாட்டுங்கள். தெறிப்பதில் பாதி அதில் விழும். நிப்பரால் வெட்டும்போது துண்டின்மேல் ஒரு விரலை வையுங்கள். சாமணத்தை மெல்லப் பிடியுங்கள், இறுக்கினால்தான் துண்டு பறக்கும். விழுந்தால் விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்து ஒளியை ஓட்டினால் நிழல் நீண்டு துண்டைக் காட்டிக்கொடுக்கும்.

விளக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, வெள்ளை ஒளி. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் தலையில் மாட்டும் உருப்பெருக்கிக்குத் தயங்க வேண்டாம். என் கைக்கு நடுக்கம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கண்ணாடி போட்டதும் நடுக்கம் போய்விட்டது.

முதல் கிட் முடிந்தது. அடுத்து எந்தக் கருவி?

விரலால் திருகும் சின்னத் துளைக் கருவி, பின் வைஸ். 0.3 முதல் 1 மி.மீ. வரை துளை ஊசிகள். துப்பாக்கிக் குழல் முனையில் துளை போட்டதும் மாடலே வேறாகத் தெரியும்.

அதுவரை காசில்லாமல் ஒன்று செய்து பாருங்கள். தொடக்க கால ஸ்பிட்ஃபயரில் விமானியின் பின்னுள்ள கம்பத்திலிருந்து வால் உச்சிவரை ஏரியல் கம்பி ஓடும். கிட்டில் அது வராது. மிச்சச் சட்டத்தில் பத்து செ.மீ. நறுக்கி, மெழுகுவர்த்திச் சுடருக்கு இரண்டு அங்குலம் மேலே உருட்டிக்கொண்டே சூடேற்றுங்கள். நடுவில் தொய்யத் தொடங்கியதும் சுடரைவிட்டு வெளியே எடுத்து, இரண்டு முனையையும் நிதானமாக இழுங்கள். வேகமாக இழுத்தால் தலைமுடியைவிட மெல்லிசு, மெல்ல இழுத்தால் தடிமன். நான்கைந்து முறையில் கை பழகிவிடும். அந்த நூலை ஒரு சொட்டு ஃபெவிகாலில் கம்பத்திலும் வாலிலும் ஒட்டுங்கள். அணைத்த ஊதுபத்தியின் சூடான முனையைத் தொடாமல் அருகே கொண்டுபோனால் நூல் விறைப்பாக இழுத்துக்கொள்ளும்.